விளிம்பில் உள்ள பெயர்

(யூபிலி விழாவின் இரண்டாம் நாள் மாலைக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



கோயில் கட்டிய கதையை நாம் சொல்லுவோம் என்று பலர் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதை நம் உபதேசியார் நம்மைவிட நன்றாகச் சொல்லுவார். இந்த மலரிலும் எழுதியிருக்கிறார். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது பழைய வெள்ளி ரூபாயைவிடச் சற்றுப் பெரிய ஒரு வெள்ளிப் பதக்கத்தைப் பற்றி.

அதன் குறுக்களவு 36 மில்லிமீட்டர். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறு பக்கம் குதிரைமேல் ஆடையில்லாத ஒரு வீரன். குதிரையின் காலடியில் கழுகு பொறித்த கேடயமும் மண்டையோடும் எலும்பும். 1914, 1918 என்று ஆண்டுகள். முதல் மகா யுத்தத்தில் சேவை செய்தவர்களுக்கு பிரிட்டிஷ் அரசாங்கம் கொடுத்த யுத்தப் பதக்கம் இது. குதிரைமேல் இருப்பவர் புனித ஜார்ஜியார் என்பார்கள். நம் கோயில் சுரூபங்களில் உள்ள ஜார்ஜியாருக்கு உடையும் உண்டு, பறவை நாகமும் உண்டு. ஆகையால் நம் ஜனங்களுக்கு அடையாளம் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

யூபிலிக் கண்காட்சிக்குப் பழைய பொருட்களைக் கொண்டு வாருங்கள் என்று மூன்று ஞாயிறு அறிவித்தோம். பழைய செபப் புத்தகங்கள் வந்தன. 1964 டிசம்பர் புயலுக்குப் பின் தனுஷ்கோடி மணலில் பொறுக்கியெடுத்த பாடுபட்ட சுரூபம் ஒன்று வந்தது. ஒரு பாட்டியம்மா வெண்கலப் பதக்கம் ஒன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு வந்தார்கள். "சாமி, இது சம்மனசு மெடல். எங்க வீட்டுக்காரரோட தாத்தாவுக்கு மூத்தவரு பட்டாளத்துக்குப் போயித் திரும்பலை. அவருக்கு வந்ததாம்" என்றார்கள்.

இறக்கை விரித்து, வலக் கையில் குருத்தோலை பிடித்து நிற்கும் உருவம் அதில் இருந்தது. வேதசாட்சிகளின் கையில் குருத்தோலையைப் பார்த்துப் பழகிய நமக்கு அது சம்மனசாகத் தோன்றுவது இயல்புதானே? உண்மையில் அது ரோமர்கள் வணங்கிய வெற்றித் தேவதை. பதக்கத்தின் பெயரும் வெற்றிப் பதக்கம். நாகரிகத்துக்காக நடந்த மகா யுத்தம் என்று பின்புறம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. ஏறக்குறைய ஒரு கோடிப் போர்வீரரைப் பலி வாங்கிய காரியத்துக்கு இப்படியும் ஒரு பெயர் வைத்தார்கள். பாட்டியம்மா அதை வீட்டுப் பீடத்தில் மாதா படத்தின்கீழ் வைத்து, வருஷந்தோறும் திருவிழாவுக்கு முன்பு புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

தேய்த்ததில்தான் வினை. இந்தப் பதக்கங்களின் உயிர் முகத்தில் இல்லை, விளிம்பில் இருக்கிறது. அந்தச் சிறிய விளிம்பில் வீரனின் எண், தரம், பெயர், படைப்பிரிவு எல்லாம் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். வெள்ளிப் பதக்கம் சுமார் 65 லட்சம் அடித்தார்கள். அத்தனையும் முகத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது விளிம்பு ஒன்றுதான். பாட்டியம்மாவின் பதக்கத்தில் பெயர் பாதி தெரிந்தது, எண்ணில் முதல் இரண்டு இலக்கம் தெரிந்தது, மற்றது புளியோடு போய்விட்டது.

"இதோட சோடி ஒன்று இருக்குமே, வெள்ளியில்?" என்று கேட்டோம். பக்கத்தில் நின்ற பேரப்பிள்ளையின் முகம் மாறியது. வெள்ளிப் பதக்கம் அவனிடம் இருந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் செல்போனில் படம் பார்த்து, வெள்ளியின் விலைக்குமேல் தருவதாகச் சொல்லியிருந்தார். பையனுக்கு வலை வாங்கப் பணம் தேவை. இரண்டு மாதம் கடலுக்குப் போகாத வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் வெள்ளியை விற்க நினைப்பது பாவமில்லை. அவனை நாம் கோபிக்கவில்லை. விற்பதற்கு முன் விளிம்பைப் படிக்கவாவது விடு என்று மட்டும் கேட்டுக்கொண்டோம்.

படிப்பதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு பூதக்கண்ணாடி, சாய்வாகப் பிடித்த டார்ச் விளக்கு, மெல்லிய காகிதம், பென்சில். காகிதத்தை விளிம்பில் சுற்றி, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தால் எழுத்து காகிதத்தில் ஏறும். வெள்ளிப் பதக்கத்தை யாரும் தேய்க்காததால் அது கறுத்துக் கிடந்தது. அந்தக் கறுப்பே எழுத்தைக் காப்பாற்றியிருந்தது. எண் முழுதாக வந்தது. அதன்பின் எஸ்.பி.ஆர். என்ற மூன்று எழுத்து, பெயர், க்யூ.வி.ஓ. எஸ். அண்டு எம். (பெயரை மலரில் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் இங்கே சொல்லவில்லை.)

எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர். பாலம் கட்டுகிறவன், பாதை போடுகிறவன், அகழி வெட்டுகிறவன். பின்னால் உள்ள எழுத்துக்கள் விக்டோரியா மகாராணியின் பெயர்கொண்ட சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படையைக் குறிக்கும். மெட்ராஸ் என்ற சொல் எங்கும் இல்லாவிட்டாலும் இதுதான் மெட்ராஸ் சாப்பர்ஸ். பெங்களூரில் தலைமையிடம். 'தம்பி' என்று பட்டாளத்தில் செல்லமாக அழைக்கப்படுகிறவர்கள் இவர்களே. வேறு பதக்கங்களில் டி.வி.ஆர். என்று இருந்தால் மோட்டார் ஓட்டியவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த யுத்தத்தில் பெரும்பாலும் கோவேறு கழுதையும் குதிரையும் ஓட்டியவரே டிரைவர். சமையற்காரர், தண்ணீர் சுமந்தவர் போன்றவர்களுக்கும் பதக்கம் உண்டு. கூலிப் படைகளில் போனவர்களுக்கு அதே யுத்தப் பதக்கத்தை வெள்ளியில் கொடுக்காமல் வெண்கலத்தில் கொடுத்தார்கள். சுமார் 1,10,000 அப்படி அடித்தார்கள். உயிரைக் கொடுப்பதில் சிப்பாயும் கூலியும் சமம். உலோகத்தில் மட்டும் சமமில்லை.

அந்த மனிதர் எந்த ஊரார் என்று கண்டுபிடிப்பது அடுத்த வேலை. இங்கே நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது. ஆறு மாதம் ஆகுமுன் ஆகஸ்டில் யுத்தம் வந்தது. அந்நாளில் ராமநாதபுரம் ஜில்லா என்றால் இன்றைய மாவட்டம் அல்ல. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து சில பகுதிகளைப் பிரித்து 1910-ல் உண்டாக்கிய ஜில்லா அது. சிவகங்கையும் விருதுநகரும் சாத்தூரும் அதில் அடக்கம். ஆகவே பழைய ஏட்டில் 'ராம்நாட்' என்று கண்டவுடன் நம் கடற்கரைக்காரர் என்று தீர்மானிக்க முடியாது. அவர் சிவகாசிக்காரராகவும் இருக்கலாம். 1910-க்கு முன் படையில் சேர்ந்தவர் என்றால் 'மதுரா' என்றே எழுதியிருப்பார்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஒன்று 1917 முதல் வேலை செய்துவருகிறது. இரண்டு மகா யுத்தங்களிலும் மாண்டவர்களின் பட்டியல் அவர்களுடைய இணையதளத்தில் உண்டு. காசு கேட்பதில்லை. அந்தப் பேரப்பிள்ளையே தன் செல்போனில் எண்ணைப் போட்டுத் தேடினான். கிடைத்தது. எண் அதேதான், படையும் அதேதான், தகப்பன் பெயரும் ராம்நாட் என்ற சொல்லும் இருந்தன. நினைவிடம்: பாஸ்ரா.

பாஸ்ரா இன்றைய ஈராக் தேசத்தில் உள்ள துறைமுகப் பட்டணம். அன்று அந்தத் தேசத்தை மெசபொத்தேமியா என்பார்கள். ஆபிரகாமின் ஊரும் பாபிலோனும் இருந்த நாடு. 1914 முதல் 1921 வரை அங்கே மாண்டு, கல்லறை இன்னது என்று தெரியாத 40,000-க்கு மேற்பட்டவர்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி, 1929 மார்ச் 27-ல் திறந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொருவரின் பெயரும் கல்லில் இருக்கிறது. இந்தியரில் அதிகாரிகளின் பெயர் மட்டும் உண்டு. மற்றவர்களுக்கு, படைவாரியாக, 'இன்னும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்' என்று ஓர் எண்ணிக்கை. அவ்வளவுதான். அந்தச் சின்னத்தையும் 1997-ல் சதாம் உசேனின் ஆணைப்படி முதலில் இருந்த இடத்திலிருந்து பெயர்த்து, நசிரியா செல்லும் சாலையில் 32 கிலோமீட்டருக்கு அப்பால் பாலைவனத்தில் வைத்தார்கள்.

பாட்டியம்மா கேட்டார்கள்: "அப்ப அவரு பேரு எங்கயுமே செதுக்கலையா சாமி?"

செதுக்கியிருக்கிறது, அம்மா, உங்கள் பெட்டியில்.

இது நாம் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லும் வார்த்தை அல்ல. அந்த ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியருமாக 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், அவர்கள் தவிர குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்றும் அதில் ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் அந்த யுத்தத்துக்குப் பின் சர்க்கார் ஒரு கல் பதித்தது. இந்தக் கிராமத்திலிருந்து மகா யுத்தத்துக்கு இத்தனை பேர் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று அதில் இருக்கும். அங்கேயும் தொகைதான். முதல் யுத்தத்தில் உயிர்விட்ட இந்தியர் 74,000-க்கு மேல். டில்லி இந்தியா கேட்டில் பெயர் பெற்றவர்கள் ஏறக்குறைய 13,000 பேர்.

ஆனால் பதக்கம் அடித்த அச்சகத்துக்காரன் மட்டும் தொகை போடவில்லை. ஒவ்வொரு சிப்பாய்க்கும், ஒவ்வொரு கூலிக்கும் தனித்தனியாகப் பெயர் அடித்தான். மன்னருக்காகவும் அல்ல, நீதிக்காகவும் அல்ல, பதக்கம் கைமாறக் கூடாது என்பதற்காக இருக்கலாம். எப்படியோ அடித்தான்.

நம் கோயிலில் அருளிக்கங்களை எப்படி வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ல் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரின் அருளிக்கத்தை ஒரு பங்குக்குக் கொடுத்தால் அதோடு முத்திரையிட்ட சான்றிதழையும் கொடுப்பார்கள். சான்றிதழ் இல்லாத அருளிக்கத்தைப் பொது வணக்கத்துக்கு வைக்கத் திருச்சபை அனுமதிப்பதில்லை. காரணம் எளிது. அது யாருடையது என்று தெரியாவிட்டால் வெறும் எலும்பு. பதக்கமும் அப்படித்தான். பதக்கம் சேகரிக்கிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். விளிம்பை அரம் போட்டு அழித்து வேறு பெயர் அடித்து விற்கும் எத்தர்களும் உண்டு. அப்படிச் செய்த பதக்கத்தின் விளிம்பு மற்ற இடத்தைவிட ஒரு மயிரிழை ஒடுங்கியிருக்கும். கையால் தடவினாலே தெரியும் என்பார்கள் அனுபவஸ்தர்கள்.

சேகரிப்பவர்களைப் பற்றிக் குறையாக நினைக்க வேண்டாம். தட்டானின் உலைக்குப் போகவிருந்த பதக்கத்தை வாங்கிக் காப்பாற்றி, படையைத் தேடி, ஊரைத் தேடி, கடைசியில் குடும்பத்துக்கே எழுதிப் போடுகிற நல்லவர்கள் அவர்களில் உண்டு. உண்மையான எதிரி உலைதான். 1980 ஜனவரியில் உலக வெள்ளி விலை ஏறியபோது பதக்கத்தின் விலையைவிட வெள்ளியின் விலை அதிகமாகிவிட்டது. எத்தனையோ யுத்தப் பதக்கங்களை அப்போது உருக்கினார்கள். அதனால்தான் இன்று பல வீடுகளில் வெண்கலப் பதக்கம் மட்டும் தனியாக இருக்கிறது. நம் பக்கத்தில் எத்தனை பதக்கம் பேத்தியின் கொலுசாக நடமாடுகிறதோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

இனி நம் கோயில் ஏடுகளுக்கு வருவோம். செமினரியில் எங்களுக்குத் திருச்சபைச் சட்டம் கற்பித்த குருவானவர், பங்கு ரிஜிஸ்தர்தான் ஏழையின் சரித்திரப் புத்தகம் என்பார். ஏட்டில் தேடும்போது ஒன்றை ஞாபகம் வையுங்கள். பட்டாளத்தில் சின்னப்பன் என்று பேர் கொடுத்தவன் நம் ஏட்டில் பவுலூஸ். இராயப்பன் பேத்ரூஸ். சந்தியாகு யாக்கோபுஸ். சவரிமுத்து சவேரியுஸ். பட்டாளத்துக் கிளார்க்கோ சவரிமுத்துவைச் சௌரிமூட்டு என்று எழுதுவான். மூன்று பேரும் ஒரே ஆள். பல ஊர்களில் மதுரை மிஷன் சேசுசபைக் குருக்களும் பதுரவாதோ குருக்களும் தனித்தனியே ஏடு வைத்திருந்தார்கள். ஒன்றில் இல்லையென்றால் மற்றதில் பார்க்க வேண்டும்.

நம் சாப்பரின் பெயரில் 1880-க்கும் 1898-க்கும் இடையில் நான்கு ஆண் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. ஒன்று மூன்று மாதத்தில் இறந்தது. அடக்க ஏட்டில் இருக்கிறது. ஒருவர் எழுபது வயதுவரை இருந்து நம் கல்லறையிலேயே அடக்கமானார். மீதி இருவரில் ஒருவரின் தகப்பன் பெயர் ஆணையத்தின் பட்டியலில் உள்ள பெயரோடு ஒத்திருந்தது. ஓரத்தில் அவருடைய திருமணக் குறிப்பு: 1913. அடக்க ஏட்டில் அவர் இல்லை. இருக்கவும் முடியாது. வேறொரு ஏட்டில்தான் அவர் மரணம் பதிவாகியிருந்தது. 1920-ஆம் வருஷத்துத் திருமண ஏட்டில் அவருடைய மனைவி மறுபடி மணந்திருக்கிறாள். முதல் கணவன் இறந்தது நிச்சயமானால்தான் விதவைக்குக் குருவானவர் மறுமணம் செய்து வைக்க முடியும். அதனால் அந்நாள் பங்குக் குரு பெயருக்குப் பக்கத்தில் விதவை என்று எழுதி, அதன்கீழ் சின்ன எழுத்தில் மூன்றே இலத்தீன் வார்த்தை சேர்த்திருக்கிறார்: ஓபியித் இன் பெல்லோ. யுத்தத்தில் மாண்டான்.

ஏழு வருஷத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் அந்த இரண்டு ஏட்டில் அடங்கியிருந்தது. பட்டாளத்துக் கதைகளில் யாரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை.

மாவீரர்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று இளைஞர் மன்றத்தார் நினைக்கலாம். சொல்லுகிறோம். இதே மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியில் மினியானோ என்ற இடத்தில் வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மேல் விழுந்து தன் தோழர்களைக் காத்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த விருது அவருக்கு இறந்தபின் கிடைத்தது. நம் மாவட்டத்திலேயே, கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் வீரமரணம் அடைந்தார். சொந்த ஊரிலேயே அடக்கம் நடந்தது. 2021 குடியரசு தினத்தன்று வீர் சக்ரா விருது அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் டில்லியில் அவருடைய துணைவியார் ஜனாதிபதியின் கையிலிருந்து அதைப் பெற்றுக்கொண்டார். பாதி நீலமும் பாதி காவியுமான நாடாவில் தொங்கும் வெள்ளிப் பதக்கம். அவரை நாடே அறியும். அவருடைய பதக்கத்தின் வரலாற்றை யாரும் தேட வேண்டியதில்லை. நாம் தேட வேண்டியது, வீரச்செயல் என்று எவரும் எழுதி வைக்காத, காய்ச்சலிலோ தாகத்திலோ மாண்டுபோன சாதாரண ஆட்களை.

இன்னும் சில காரியங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிதாக, 12 சென்டிமீட்டர் அகலத்தில் கனத்த வெண்கல வட்டு யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெண்ணும் சிங்கமும் இரண்டு ஓங்கல் மீனும் அதில் இருக்கும். மாண்டவரின் குடும்பத்துக்குக் கொடுத்தது அது. அதில் பெயர் உண்டு, பதவி கிடையாது. சாவில் எல்லாரும் சமம் என்று வேண்டுமென்றே பதவியை விட்டுவிட்டார்கள். பானை மூடியாக இருந்தாலும் கழுவி எடுத்து வாருங்கள். இரண்டாம் யுத்தத்துப் பதக்கங்களை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியருக்குப் பெயர் பொறித்தே கொடுத்தார்கள். நட்சத்திர வடிவமாக இருந்தால் பெயர் பின்புறம் இருக்கும். கப்பலில் வேலைக்குப் போய் அந்த யுத்தத்தில் மூழ்கிய மாலுமிகள் நம் கரையில் உண்டு. அப்படிப்பட்ட ஏறக்குறைய 6,000 இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்ப் புத்தகம் மும்பையில் மாலுமிகள் இல்லத்தில் ஒரு பிரதியும் சிட்டகாங்கில் ஒரு பிரதியும் இருக்கிறது.

நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சரித்திரப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. முதல் யுத்தப் பதக்கங்களுக்கு இப்போது அந்த வயது வந்துவிட்டது. வெளிநாட்டு விலையைக் காட்டி யாராவது ஆசை காட்டினால் இதைச் சொல்லுங்கள்.

அந்தப் பையனின் வலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவனுடைய சித்தப்பா பணம் கொடுத்து உதவினார். வெள்ளிப் பதக்கம் இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது. வெண்கலப் பதக்கம் பழையபடி மாதா படத்தின்கீழ். புளி மட்டும் போடுவதில்லை.

வருகிற நவம்பர் முதல் ஞாயிறு, இரண்டாம் பூசைக்குப்பின், அறைவீட்டுத் திண்ணையில் பூதக்கண்ணாடியும் காகிதமும் பென்சிலும் வைத்து உட்காருகிறோம். பதக்கம் வைத்திருப்பவர்கள் தேய்க்காமல், கழுவாமல், துணியில் சுற்றி அப்படியே கொண்டு வாருங்கள். பதக்கத்தை நாம் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம். எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவோம். இந்துச் சகோதரர்கள் வீட்டிலும் மரைக்காயர் வீட்டிலும் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். பெயர், எண், படை, இறந்த தேதி இவற்றை எழுத நீளக் கோடு போட்ட ஒரு கனத்த நோட்டு வாங்கியாகிவிட்டது. முதல் பக்கத்தில் முதல் பெயரை உபதேசியார் எழுதிவிட்டார். இரண்டாவது வரி காலியாக இருக்கிறது.